உப்பு வாரும் மாதத்தில் ஒரு மழைக் கட்டுரை

தை பிறந்து உப்பளத்தில் தண்ணீர் கட்டிவிட்டால், ஐப்பசி வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையை யாரும் வாயால் சொல்லக் கூடாது. கெட்ட வார்த்தை தாராளமாகச் சொல்லலாம், அப்பாவே தினமும் நாலு சொல்வார். மழை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொல்லியே தீர வேண்டும் என்றால் சொந்தக்காரங்க என்போம். அம்மா வாசலில் நின்று மேற்கே பார்த்து, "திண்டிவனம் பக்கம் சொந்தக்காரங்க கெளம்பிட்டாங்க போலருக்குதே" என்றால், மேகம் கறுக்கிறது என்று அர்த்தம்.

குடையும் அப்படித்தான். பரண்மேல் ஏறிவிடும். மரக்காணத்து வெயில் மண்டையைப் பிளக்கும், உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, இருந்தாலும் குடையை விரிக்கக் கூடாது. விரித்தால் வா என்று கூப்பிட்டது போல ஆகிவிடுமாம். ஊர் முழுக்க இப்படி இருந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எங்கள் தெருவில் அளத்தை நம்பியிருந்த வீடுகளில் இப்படித்தான் இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வார வேண்டிய உப்பு பாத்தியில் கிடக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளில் உப்பு பூத்துக்கொண்டிருந்தது. முந்தைய வருஷம் இதே ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்து அத்தனையையும் கரைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வருஷமும் கரைந்தால் அக்காவுக்குப் படிப்பு இல்லை. அக்கா பிளஸ் டூ முடித்து, பாண்டிச்சேரியில் நர்ஸிங் படிக்க இடம் வாங்கி வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும், இந்த உப்பை விற்றுத்தான் கட்ட வேண்டும். இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. குழம்பு கொதிக்கும்போதே அம்மா வாசலுக்கு வந்து மேற்கே பார்த்துவிட்டுப் போவாள். அக்கா காலேஜிலிருந்து வந்த தபாலைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு வாரம் பொறுப்போம், உப்புக் கல்லு நல்லா பெருசாவட்டும்" என்பார். வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், நானும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிய தமிழ் டீச்சர் வந்து சேர்ந்தார். வானூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், தினமும் பஸ்ஸில் வருவார். அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று அன்பாகக் கேள்வி கேட்பார். அது அடியைவிட மோசம். வந்த முதல் வாரத்திலேயே, எங்களுக்குக் கட்டுரை எழுதவே தெரியவில்லை, மனப்பாடம் பண்ணி வாந்தி எடுக்கத்தான் தெரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். உண்மைதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நோட்ஸில் இருப்பதைக் கமா முதற்கொண்டு கக்கிவிட்டு வருவோம். இனிமேல் அது கிடையாது, ஒரே கட்டுரையை வாரம் முழுக்கத் திருத்தித் திருத்தி எழுதப்போகிறோம் என்றார். திங்கட்கிழமை கரும்பலகையில் தலைப்பை எழுதினார்: ஒரு மழை நாள்.

ஒருத்தரும் நோட்டைத் திறக்கவில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்து, "ஏன் எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்தாப்புல இருக்கீங்க? எங்க ஊர்ல மழைன்னா சாமிக்குப் பொங்கலே வைப்போம்" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "வேற தலைப்பு குடுங்க டீச்சர், பசு மாடு பத்தி எழுதறோம்" என்று கெஞ்சினான். அவன் வீட்டுக்கும் அளம்தான். டீச்சர் சிரித்துவிட்டு, நல்ல கட்டுரை எழுதுகிறவர் வெள்ளிக்கிழமை பிரேயரில் மைக்கில் படிக்கலாம் என்று ஒரு பரிசையும் அறிவித்தார்.

ஆனால் நான் அவ்வளவு மக்கு இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அக்காவின் பழைய நோட்ஸில் ஒரு மழைக் கட்டுரை இருந்தது. மழை இறைவன் தந்த வரம், மழையின்றி உலகில் உயிர்கள் இல்லை, மாணவர்களாகிய நாம் மழைநீரைச் சேமிப்போம். அப்படியே இறக்கிவிட்டேன். இந்த மழையால் ஆபத்து இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள் எழுதிய மழை! ஒருநாளும் எங்கேயும் பெய்ததில்லை.

மறுநாள் டீச்சர் அதைப் படித்துவிட்டு, "இந்த மழையில ஒரு எறும்புகூட நனையாதும்மா" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதுதானே எனக்கு வேண்டும்! ஆனால் அந்த அம்மா விடுகிற ஆளா? எங்கள் எல்லாரையும் பென்சிலை எடுக்கச் சொன்னார். எங்கேயோ கேட்ட வாக்கியம், எங்கேயோ படித்த வாக்கியம் எல்லாவற்றையும் நாங்களே அடிக்க வேண்டும். என் தாளில் பேரும் வகுப்பும் மட்டும்தான் மிஞ்சின. இனி கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, பேனாவை நிறுத்தாமல் எழுது, தப்பைப் பற்றிக் கவலைப்படாதே, முதல் தடவை எழுதுவது குப்பையாகத்தான் இருக்கும், குப்பையிலிருந்துதான் பொறுக்க வேண்டும் என்றார். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார், நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே வாக்கியம் நொண்டுகிறது என்றார். இன்றைக்கு நான் அலுவலகத்தில் எழுதிச் சம்பளம் வாங்குவது இந்த வழியில்தான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வாய்விட்டுப் படி என்று அவர் சொன்ன அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது. எந்த வீட்டில் போய் வாய்விட்டுப் படிப்பது?

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற கீற்று மறைப்புக்குள் உட்கார்ந்து எழுதினேன். நான் கண்ணால் பார்த்த மழை என்றால் அது போன வருஷத்து மழைதான். முதலில் கை ஓடவே இல்லை. பிறகு ஓடிய ஓட்டத்தில் நிறுத்த முடியவில்லை. காலையில் தட்டான்கள் தாழப் பறந்தது, வரப்பில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது, அம்மா பயந்தது, அப்பா ஒரு வாரம் பொறுப்போம் என்றது எல்லாம் வந்தன. 'பலத்த மழை பெய்தது' என்று எழுதி, அது நோட்ஸ் வாக்கியம் என்று அடித்தேன். அதற்குப் பதிலாக முதல் சொட்டு உப்பில் விழுந்து சின்னக் குழி விழுந்ததை எழுதினேன். 'அப்பா மிகவும் வருந்தினார்' என்பதையும் அடித்துவிட்டு, அவர் பாத்தியில் இறங்கிக் கையால் அள்ளியதை எழுதினேன். கையில் உப்பு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அதை வாயில் வைத்துப் பார்த்தார். எழுதிவிட்டு மெதுவாக, மழை வரும் இடத்தில் எல்லாம் சொந்தக்காரங்க என்று மாற்றி, முணுமுணுத்துப் படித்தேன். எனக்கே அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை இல்லையென்று சொன்னால் பொய்.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ, மேக்கால பாருங்களேன். சொந்தக்காரங்க மொத்தமா வர்றாங்க."

கீற்றை விலக்கிப் பார்த்தேன். திண்டிவனம் பக்கம் வானம் அடுப்புச் சட்டியின் அடிபோல் கறுத்துக் கிடந்தது. அரைமணி நேரம் முன்பு அங்கே ஒன்றுமே இல்லை, நான் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். யார் கூப்பிட்டு அவர்கள் வருகிறார்கள் என்று அந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்ப மறைப்புக்குள் உட்கார்ந்து, அப்பா அள்ளிய அந்த வரிகளைப் பேனாவால் ஓங்கி ஓங்கி அடித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தேன். சாமி, நான் எழுதல, நான் எழுதவே இல்ல என்று சொல்லிக்கொண்டே அடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் காற்று மாறி, மேகம் வடக்கே செய்யூர்ப் பக்கம் ஒதுங்கிப் போயிற்று. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான், எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. எழுதினால் வருகிறது, அடித்தால் போகிறது. ஆடி மாதத்துச் சாயங்காலங்களில் மேகம் வருவதும் ஒதுங்குவதும் வழக்கம்தான் என்று எனக்கு யார் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை டீச்சர் என் தாளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடித்த வரிகளுக்கு அடியில் இருப்பதை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு, "இத ஏம்மா அடிச்ச? மொத்தத்துலயும் உயிர் இருக்கற எடமே இதானே" என்றார். காரணத்தைச் சொன்னால் அந்த வார்த்தையையும் சொல்ல வேண்டும், அதோடு வானூர்க்காரர்களுக்கு இது எங்கே புரியப்போகிறது? அடிக்கிறதுக்கும் ஒரு காரணம் வேணும், பயந்து அடிக்கக் கூடாது என்று சொல்லி, என் எதிரிலேயே உட்கார்ந்து அந்த வரிகளைத் திரும்ப எழுத வைத்தார். நான் எழுத எழுத ஜன்னல் வழியாக மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது, பக்கத்தில் இருப்பவரிடம் தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் படித்துவிட்டு, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று சொல்ல வேண்டும். என் பக்கத்தில் ஜெனிபர். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், அதனால் அவளுக்கு உப்புப் பயம் கிடையாது. எங்காவது கொட்டாவி விட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, விடவே இல்லை. படித்து முடித்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு, "எனக்கே நனைஞ்சாப்புல இருக்குதுடி" என்றாள். தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, நாளைக்குப் பிரேயரில் நீதான் படிக்கிறாய், அதற்கு முன்னால் இன்று வீட்டில் ஒருத்தருக்குப் படித்துக் காட்டி அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு வா என்றார்.

வீட்டில் படித்துக் காட்டுவதாவது! சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தாளை மடித்து என் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். நாளைக்குக் காய்ச்சல் வந்துவிட வேண்டும் என்று எல்லாச் சாமியையும், ஜெனிபர் வீட்டு மாதாவையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். ஆனால் அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என்னடி மறைக்கிற என்று பிடுங்கிவிட்டாள். நின்றபடியே படித்தாள். பாதியில் அவள் முகம் மாறியது. படித்து முடித்துவிட்டு அவள் பார்த்தது என்னையல்ல, அளம் இருக்கிற திக்கை. பிறகு தாளோடு பின்கட்டுக்குப் போனாள். அங்கே அப்பா உப்பு வாரும் பலகைக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அக்கா படிக்கத் தொடங்கினாள். தலைப்பையே படித்தாள். ஆடி மாதத்தில், எங்கள் வீட்டில், அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாள்! அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். இப்போது அறை விழும் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் எதுவும் வராததால் கையை எடுத்தேன்.

"வரப்பில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு போயின. இன்றே வாரிவிடலாம் என்றாள் அம்மா. ஒரு வாரம் பொறுப்போம் என்றார் அப்பா" என்று அக்கா படித்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. கடைசியில் அப்பா அள்ளிய இடத்தையும் படித்து முடித்தாள். அப்பா, "இதெல்லாம் அது பாத்துக்கினா இருந்துச்சு?" என்று கேட்டார். அது என்றால் நான். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அப்பா சாப்பிட உட்காரவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். கூப்பிடாதவர்களைக் கூப்பிட்டுவிட்டேன், இனி அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்துப் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தபோது வீட்டில் யாருமே இல்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை, அக்காவும் இல்லை. பழைய சோறு மூடி வைத்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று பேரும் போயிருக்கிறார்கள் என்றால் கோபம் எவ்வளவு இருக்க வேண்டும்! காய்ச்சலும் வரவில்லை. தனியாகச் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

பிரேயரில் மைக் முன்னால் போய் நின்றேன். எதிரில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னை முறைத்துக்கொண்டு நின்றார்கள். பசு மாடு கேட்ட பையன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டான். நான் படித்தேன். குரல் நடுங்கி நடுங்கித்தான் வந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் வானத்தைப் பார்த்தேன். நான் பாவனையோடு படிப்பதாக டீச்சர் நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை. கைதட்டல்தான் வந்தது. கண்ணைத் திறந்தால் வெயில் பளீரென்று அடித்தது. மத்தியானம் பார்த்தேன், ஒரு துண்டு மேகம் இல்லை. கடைசி மணி அடித்தபோது பார்த்தேன், திண்டிவனம் பக்கம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்பு பிழைத்தது, அக்கா பிழைத்தாள், நானும் பிழைத்தேன்! பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக அளத்துக்கே ஓடினேன்.

எங்கள் பாத்திகள் காலியாக இருந்தன. வரப்பில் உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். வழக்கமான வெள்ளையாக இல்லை, பழுப்பாக இருந்தது. அடுத்த வாரம் வார வேண்டியதை ஏன் இன்றைக்கே வாரினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் முழங்கால் வரை சேறோடு நின்றார்கள். உப்பு வியாபாரி பைக்கை நிறுத்திவிட்டு வந்து, குவியலில் ஒரு கை அள்ளி, விரலிடுக்கால் விட்டுப் பார்த்தார்.

"ஏம்பா, இன்னும் கல்லே கட்டல, அதுக்குள்ள வாரிட்டியே. எல்லாம் பொடி. அடிச்சேறு வேற கலந்துகினு வந்திருக்குது. இது மீனுக்குப் போடத்தான் ஆவும், அந்த வெலதான் தருவேன். ஒரு மேகம் இல்லாம மானம் இப்டி காயுது, என்னா அவசரம் உனக்கு?"

அந்த விலை அக்காவின் காலேஜுக்குப் போதாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. வியாபாரி கையைத் தட்டிக்கொண்டு போனார். அக்கா குவியலுக்கு அந்தப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். "அப்பா, மழ வரலப்பா! நான் மைக்லயே படிச்சேன், அப்பயும் மழ வரல!" என்று கத்தினேன். அந்த வார்த்தையை அளத்தில் நின்றுகொண்டு கத்தியும் யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார், கையெல்லாம் உப்பு.

"ஆமாம்மா, வரல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லாத்தான் எழுதியிருந்த" என்றார்.

அப்பா கோபமாக இல்லை! என் கட்டுரை நல்ல கட்டுரையும்கூட! வீட்டில் என்ன சொன்னார்கள் என்று டீச்சரிடம் சொல்ல ஒரு பதிலும் கிடைத்துவிட்டது. இதை முதலில் ஜெனிபரிடம் சொல்ல வேண்டும் என்று வரப்பு மேலேயே ஓடினேன். அவ்வளவு நாள் அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு அப்போதுதான் லேசாகியிருந்தது. நான் எழுதியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை.